வரவில்லை என்று ஐந்து பேர்

7

ஐந்தாவது கதவிலும் பூட்டுதான் தொங்கியது.

"புகார் கொடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு வீட்ல இருக்கத் தெரியல, மேடம்ஜி," என்றான் பெலிக்ஸ்.

சாந்தகுமாரி பூட்டை விரலால் ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஹெலன் போனை எடுத்து மணி பார்த்தாள். வெளியே டெல்லியின் துவாரகா பகுதி முழுவதையும் தை மாதத்துப் பனிமூட்டம் மூடிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்குள் அவள் தன் போனில் ஒரு பட்டனை அழுத்தியாக வேண்டும், அதற்கு அதிக நேரம் இல்லை.

ஹெலன் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துப் பெண். டெல்லியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பச்சிளங்குழந்தை வார்டில் நர்ஸாக இருந்தவள். முதுகெலும்பு மக்கர் செய்ததும் வேலையை விட்டுவிட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். குழந்தைகளுக்குப் பருத்தி ஃபிராக். 'குட்டி காட்டன்' என்று கடைக்குப் பெயர். கடை என்றால் போனுக்குள் இருக்கும் கடை. வார்டில் கற்றதையெல்லாம் துணியில் காட்டினாள். தலைவழியாக மாட்டி இழுக்க வேண்டாம், முதுகுப் பக்கம் நாடா. தையல் விளிம்புகள் எல்லாம் வெளிப்பக்கம், பிஞ்சுத் தோலில் உரசக்கூடாதே! முதல் தடவை வாங்குகிறவர்கள் "உள்பக்கத்த வெளியே வெச்சுத் தைச்சிட்டீங்க" என்று சண்டைக்கு வருவார்கள். இரண்டாம் தடவை சண்டை போடாமல் வாங்குவார்கள்.

அப்படி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த கடையில் 'வரவில்லை' என்ற சனியன் புகுந்தது. பார்சல் வாசலில் இருப்பதை டெலிவரிக்காரர் படம் எடுத்து அனுப்புவார். வாங்கியவர் வரவில்லை என்று ஆப்பில் புகார் கொடுப்பார். ஆப் ஒரு கேள்வியும் கேட்காமல் அவருக்குப் பணத்தைத் திருப்பிவிடும். யார் பணத்தை? ஹெலனின் பணத்தை. துணியும் போய், விலையும் போய், பெயருக்கு எதிரே ஒரு கறுப்புப் புள்ளியும் விழும். உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா கதைதான். சின்ன வியாபாரிகள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த துணியின் விலையில் கொஞ்சம் ஏற்றிவைத்துச் சமாளிப்பார்கள். ஹெலனும் நான்கு தடவை பல்லைக் கடித்தாள். ஐந்தாவது புகாருக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. இன்று மாலை ஆறு மணிக்குள் காரணம் சொல்லாவிட்டால் கடைக்குப் பூட்டு.

காரணம் சொல்ல ஆப்பில் இரண்டே பட்டன்கள். 'விற்பவர் தவறு' என்று ஒன்று, 'டெலிவரி செய்தவர் தவறு' என்று ஒன்று. வாங்கியவர் பொய் சொல்கிறார் என்பதற்குப் பட்டனே கிடையாது! முதலாவதை அழுத்தினால் ஹெலனின் கடை போகும். இரண்டாவதை அழுத்தினால் மகேந்தர் என்ற அந்த டெலிவரிக்காரரின் வேலை போகும்.

"மகேந்தர் மேல போட்டுட்டா உங்க கடை தப்பிச்சிடும் ஆன்ட்டி," என்று பெலிக்ஸ் காலையிலேயே நூல் விட்டுப் பார்த்தான்.

"அந்த மனுசன் மழையில நனைஞ்சாலும் என் பாக்கெட்ட நனைய விட்டதில்ல. அவர் மேல பழி போடமாட்டேன்னு சொல்லுதேன்லா," என்று ஹெலன் வெட்டிவிட்டாள்.

இரண்டு பட்டனையும் அழுத்த மனமில்லாமல்தான் சாந்தகுமாரியிடம் வந்திருந்தாள். சாந்தகுமாரி விமான நிலையத்தில், தொலைந்த பெட்டிகளுக்கான கவுண்டரில், தலை நரைக்கும்வரை உட்கார்ந்தவர். உலகத்தில் எத்தனை விதமான 'காணோம்' உண்டோ அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கிறது. ஓய்வு பெற்றதும் துப்பறியக் கிளம்பிவிட்டார். பெலிக்ஸ் அவருடைய கை, கால், வாய். முக்கியமாக வாய். டெல்லி ஆர்.கே.புரத்து அரசு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான். தமிழில் எதையாவது படிக்கச் சொன்னால் மட்டும் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பான். அவனுக்குக் கண்ணாடியே கிடையாது.

"அஞ்சும் தமிழ்க் குடும்பம். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்காங்க," என்றார் சாந்தகுமாரி. "டெல்லித் தமிழன் ஊருக்குப் போனா வீட்டுச் சாவிய எங்க வைப்பான், பெலிக்ஸ்?"

"இன்னொரு தமிழன்கிட்ட. பேங்க் லாக்கரைக் கூட நம்ப மாட்டான்."

"வாட்ச்மேனைக் கேட்டுட்டேன். அஞ்சு சாவியும் ஒரே வீட்லதான் இருக்காம். ஒன்பதாவது மாடி. ஹெலன், நீ யாருன்னு சொல்லிக்காதே. வாயைத் திறக்காம கூட வா."

ஒன்பதாவது மாடியில் கதவைத் திறந்த பெண்ணுக்குச் சிரித்த முகம். வைஷ்ணவி என்று பெயர், கோயம்புத்தூர்க்காரி. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. டெல்லிக் குளிருக்குக் குழந்தைகளைப் பொட்டலம் கட்டுவார்களே, அதே கட்டு. குல்லா, ஸ்வெட்டர், அதன் மேல் பஞ்சு வைத்த ஜாக்கெட். மூக்கு மட்டும் தெரிந்தது.

"பார்சல் காணாம போச்சுன்னு விசாரிக்க வந்தோம்," என்றார் சாந்தகுமாரி. "பூட்டின வீட்டுக்குள்ள யாராவது எடுத்து வெச்சிருக்காங்களான்னு பார்க்கணும்."

"அய்யோ, பாருங்க! வாங்கக்கா, நானே தொறந்து காட்டறேனுங்க," என்று வைஷ்ணவி சாவிக்கொத்தோடு கிளம்பிவிட்டாள். "பாவம், அவிகளுக்குப் பணம் திரும்பி வந்துருச்சுங்களா?"

"வந்துடுச்சு," என்றார் சாந்தகுமாரி.

இத்தனை நல்ல பெண்ணா என்று ஹெலனுக்கு நெஞ்சு இளகியது. நான்கு பேரும் குழந்தையுமாக லிஃப்ட்டில் ஏறினார்கள். பன்னிரண்டாவது மாடிக்குப் பட்டனை அழுத்தினான் பெலிக்ஸ். லிஃப்ட் கிளம்பி, கொஞ்சம் யோசித்து, ஒரு குலுக்கலோடு நின்றது. மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனும் நின்றது.

"அச்சா," என்றான் பெலிக்ஸ். "நம்ம கேஸ் மாதிரியே ஆயிடுச்சு. மேலயும் போகல, கீழயும் போகல."

ஹெலன் போனைப் பார்த்தாள். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கையை உயர்த்தினாள், மூலைக்குப் போனாள், கதவிடுக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இப்போது எந்தப் பட்டனை அழுத்த நினைத்தாலும் அழுத்த முடியாது. நாலு தகரச் சுவருக்குள் நின்றுகொண்டு, தன் கடைக்குப் பூட்டு விழுவதைக் கண்ணால் பார்க்கக்கூட முடியாமல் போகப் போகிறது. ஆஸ்பத்திரியை விட்டுவந்த நாளில்கூட அவளுக்கு இப்படி மூச்சு முட்டியதில்லை.

பெலிக்ஸ் அலாரத்தை அழுத்தினான். சுவரிலிருந்த ஸ்பீக்கரில் வாட்ச்மேன் குரல் வந்தது. "தோ மினிட், சாப்!" இரண்டே நிமிடமாம்.

"டெல்லியில தோ மினிட்னா உட்கார்ந்துக்கலாம்னு அர்த்தம்," என்று பெலிக்ஸ் நிஜமாகவே தரையில் உட்கார்ந்தான்.

காற்று கனத்தது. வெளியே எலும்பைக் குடையும் குளிர், உள்ளே பெரியவர்கள் நால்வருக்கும் நெற்றியில் வியர்வை. குழந்தை முதலில் சிணுங்கியது, பிறகு வீறிட்டது.

"ஸ்வெட்டரக் கழட்டும்மா," என்றாள் ஹெலன். "பிள்ளைக்கு வேர்க்குதுல்லா."

"இல்லீங்கக்கா, சளி புடிச்சுக்கும்."

"ஜாக்கெட்டையாவது?"

"வேண்டாமுங்க. பழகிருச்சு அவளுக்கு."

சாந்தகுமாரி சுவரில் சாய்ந்துகொண்டார். "பொழுது போகணுமே. காணாமப் போன பார்சல்ல என்னென்ன இருந்துச்சு? வரிசையாச் சொல்லு, ஹெலன்."

இப்போது எதற்கு இது என்று ஹெலனுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் சொன்னாள். "மொதல்ல போன வருசம், பிறந்த குழந்தை சைஸ். அடுத்தது மூணு மாசம். பெறவு ஆறு மாசம். பெறவு ஒம்பது மாசம். இப்ப கடைசியா ஒரு வயசு சைஸு."

"அஞ்சு வீடு, அஞ்சு பேரு," என்றார் சாந்தகுமாரி.

"அரே!" பெலிக்ஸ் நிமிர்ந்தான். "அஞ்சு வீட்லயும் ஒரே குழந்தை மாத்தி மாத்தி வளர்ந்திருக்கு. நல்லா சாப்பிடற குழந்தை."

வைஷ்ணவி குழந்தையை மார்போடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

ஹெலனுக்கு அந்த நேரத்தில் கேஸ் ஞாபகம் இல்லை. அவள் கண்ணில் பட்டது குழந்தையின் கழுத்து. செக்கச் சிவந்து, வியர்க்குரு கிளம்பியிருந்தது. அழுகை தேய்ந்து முனகலாக மாறியது. வார்டில் அந்த முனகலை அவள் கேட்டிருக்கிறாள்.

"கொண்டா இங்க!" என்று ஒரே பிடுங்கலாகக் குழந்தையை வாங்கினாள். ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினாள். குல்லாவை உருவினாள். ஸ்வெட்டரைத் தலைக்கு மேலே கழற்றினாள். வைஷ்ணவி "அக்கா, அக்கா" என்று கையைப் பிடித்தாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இளமஞ்சள் பருத்தி ஃபிராக். முதுகில் நாடா.

ஹெலனின் கை அப்படியே நின்றது. அந்த ஃபிராக்கின் கழுத்து வளைவைத் தைத்துப் பிரித்து மறுபடி தைத்தவள் அவள். பெற்ற பிள்ளையை ஆள்கூட்டத்தில் பார்த்த மாதிரி இருந்தது. கோபம் அப்புறம்தான் வந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் சாந்தகுமாரி குறுக்கே புகுந்தார். "அழகான ஃபிராக்! எங்கம்மா வாங்கினே?"

"சரோஜினி நகருங்க. ரோட்டுக் கடையில," என்றாள் வைஷ்ணவி. குரல் பிசிறியது. "ஒண்ணே ஒண்ணு கெடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்."

"பாவம், அவசரத்துல உல்டாவாப் போட்டு விட்டுட்டே. தையலெல்லாம் வெளியே தெரியுது பாரு."

"இல்லீங்க, இது அப்படித்தானுங்க. பாப்பாவுக்குக் குத்தக்கூடாதுன்னு எல்லாத்துலயும் வெளிய வெச்சுத்தான் தெச்சு அனுப்பறாங்க."

"எல்லாத்துலயுமா?" என்றார் சாந்தகுமாரி மெதுவாக. "தெச்சு அனுப்பறாங்களா? ரோட்டுக் கடைக்காரனா?"

வைஷ்ணவியின் முகம் வெளிறியது.

"கவுண்டர்ல ஒரு விஷயம் கத்துக்கிட்டேன்மா. பெட்டி தொலைஞ்சவங்களும், அவங்களுக்காக வருத்தப்படறவங்களும் பெட்டி எங்கேன்னுதான் கேப்பாங்க. பணம் வந்துச்சான்னு மொதல்ல கேக்கறவங்களை நாங்க தனியா உட்கார வைப்போம். நீ கதவைத் திறந்ததும் கேட்டது பணத்தைப் பத்தி."

வைஷ்ணவி தரையில் சரிந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கொட்டினாள்.

"மொதத் தடவை நெசமாலுமே வரலீங்கக்கா. இந்த அஞ்சு பேர்ல ஒருத்தரு ரோஹிணியக்கா, அவிகதான் என் பிரசவத்துக்குன்னு அவிக பேர்ல ஆர்டர் போட்டிருந்தாங்க. வரலைன்னு அவிக பாஸ்வேர்ட வாங்கி என் போன்ல நாந்தான் புகார் போட்டேன். ஒடனே பணம் வந்துருச்சு. அடுத்த நாளு வாசல்ல பார்சலும் கெடந்துச்சு. யாருமே கேக்கல. ஒருத்தருமே கேக்கல! அப்பறம் ஊருக்குப் போறவிக பேர்ல நானே கணக்குத் தொறந்து ஆர்டர் போட ஆரம்பிச்சேன். பூட்டின கதவ யாரு வந்து கேப்பாங்க? வாசல்ல வெப்பாங்க, நான் போய் எடுத்துக்குவேன்." மூக்கை உறிஞ்சினாள். "கம்பெனிதானே குடுக்குதுன்னு இருந்தேன். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு இது ஒரு காசா?"

"கம்பெனி ஒரு பைசா கொடுக்கல," என்றாள் ஹெலன். குழந்தை அவள் தோளில் ஓய்ந்து கிடந்தது. "நான் கொடுத்தேன். இந்தக் கையி தைச்சுது, இந்தக் கையிலருந்தே புடுங்கிட்டாவ. ஆறு மணிக்கு என் கடைய மூடப் போறாவ. அஞ்சு தடவையும் உன் பிள்ளைக்குத் துணி எடுத்துக் கொடுத்தது நாந்தான்."

வைஷ்ணவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கடைக்கு ஒரு முகம் இருக்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்திருக்கவில்லை.

மேலே தடதடவென்று சத்தம். கதவு நடுவில் பிளந்தது. பதினொன்றாவது மாடித் தரை அவர்கள் தலை உயரத்தில் தெரிந்தது. இடைவெளியில் வாட்ச்மேன் முகமும், பின்னால் ஒரு கூட்டமும். "ஜல்தி, ஜல்தி! ஒவ்வொருத்தரா!" என்று இந்தியில் கத்தினான்.

சாந்தகுமாரி ஹெலனின் காதருகே வந்தார். "குழந்தையும் அவளும் வெளியே போனா ஃபிராக்கும் போயிடும். உங்கிட்ட அதைத் தவிர வேற சாட்சி கிடையாது. நாம முதல்ல ஏறி, போட்டோ எடுத்து..."

"பிள்ளதான் மொதல்ல," என்றாள் ஹெலன். யோசிக்கக்கூட இல்லை. குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கி வாட்ச்மேன் கையில் கொடுத்தாள். தாயில்லாமல் பிள்ளை மட்டும் எப்படி நிற்கும்? அடுத்தது வைஷ்ணவி. பெலிக்ஸ் தோள் கொடுத்தான். அவள் மேலே போய்ச் சேர்ந்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு படியில் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது.

"சாட்சி பால் குடிக்கப் போயிடுச்சு, மேடம்ஜி," என்றான் பெலிக்ஸ். இந்தத் தடவை அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

ஹெலனின் முதுகு ஒத்துழைக்கவில்லை. இரண்டு தடவை ஏறப் பார்த்து இரண்டு தடவையும் வலியில் சரிந்தாள். கடைசியில் நாற்காலி ஒன்றை உள்ளே இறக்கி அவளை வெளியே எடுத்தபோது ஆறு மணி கடந்துவிட்டது. நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த போன் உயிர் வந்து அடுக்கடுக்காக அதிர்ந்தது.

பெலிக்ஸ் எட்டிப் பார்த்துக் கத்தினான். "ஆன்ட்டி! அஞ்சு புகாரும் வாபஸ்! 'பொருள் கிடைத்துவிட்டது'ன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. ஆறு மணிக்கு முன்னாடி!"

ஓடிப்போனவள் தப்பிக்க ஓடவில்லை. வீட்டு வைஃபையைத் தேடி ஓடியிருக்கிறாள். ஹெலனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொன்னாள்.

போன் மறுபடி அதிர்ந்தது. அந்தக் கடைசிச் செய்தியைச் சாந்தகுமாரி வாங்கிப் படித்தார், படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. "அஞ்சு பேரும் ஒரே நேரத்துல வாபஸ் வாங்கியிருக்காங்களாம். விற்பவர் மிரட்டியிருக்கலாம்னு சந்தேகமாம். விசாரணை முடியறவரைக்கும் கடையை மூடிட்டாங்க."

கிணற்றிலிருந்து ஏறி வந்தவளைக் கரையில் நின்று தள்ளிவிட்டார்கள். யாரோ கொண்டுவந்து போட்ட நாற்காலியில் ஹெலன் உட்கார்ந்துவிட்டாள்.

படியில் காலடி கேட்டது. வைஷ்ணவி குழந்தையோடு மூச்சு வாங்க ஏறி வந்தாள். "அக்கா, எல்லாம் எடுத்துட்டேனுங்க. சரியாப் போச்சுங்களா?"

"மோசமாப் போச்சு," என்றார் சாந்தகுமாரி. "இனிமே உன் வாயாலதான் சரி பண்ண முடியும்." ஆப்பின் உதவி எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். புகார் கொடுத்தவர் பக்கத்திலேயே இருக்கிறார் என்று விளக்கிச் சொன்னார்.

மறுமுனையில் ஒரு இளம்பெண் இந்தியில் இனிமையாகப் பேசினாள். "முதல் புகாரின் கணக்கு ரோஹிணி என்ற பெயரில் இருக்கிறது. மேடம், நீங்கள் ரோஹிணிதானே? ஆமாம் என்று சொன்னால் போதும். எல்லாவற்றையும் முடித்துக் கடையைத் திறந்துவிடுகிறேன்."

பதினொன்றாவது மாடி முழுவதும் கூடி நின்றது. வாட்ச்மேன், வேலைக்காரப் பெண்கள், கைத்தடியோடு அந்த மாடியில் குடியிருக்கும் பரமசிவம் என்ற தமிழ்ப் பெரியவர். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர், தன் வீட்டுச் சாவியையும் வைஷ்ணவியிடம் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலுக்கு ஊர் கிளம்ப இருந்தவர். பெலிக்ஸ் வைஷ்ணவியைப் பார்த்து 'ஆமாம்னு சொல்லு' என்று கையால் ஜாடை காட்டினான். ஒரே ஒரு பொய். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. கடை திறந்துவிடும், இவள் மானமும் தப்பும். வாழ்க்கையில் ஒரு பொய்யின் மேல் ஹெலனுக்கு இத்தனை ஆசை வந்ததே இல்லை.

வைஷ்ணவி அவளைத்தான் பார்த்தாள். ஹெலன் தலையை ஆட்டவில்லை, ஆட்ட முடியவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்திக்கொண்டாள்.

"இல்லைங்க," என்றாள் வைஷ்ணவி. பிறகு உடைந்த இந்தியில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "என் பேரு வைஷ்ணவி. ரோஹிணியக்கா ஊர்ல இருக்காங்க. அவங்க பேர்லயும் மத்த நாலு பேர் பேர்லயும் நான்தான் வாங்கினேன். எல்லாமே வந்துச்சு. வரலைன்னு பொய் சொன்னேன். யாரும் என்னை மிரட்டல."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "இந்த அழைப்பு பதிவாகிறது, மேடம். இந்தத் தொகை முழுவதையும் உங்களிடம் வசூலிப்போம். புரிகிறதா?"

"புரியுதுங்க."

"உன்னையா நம்பிச் சாவியக் கொடுத்தோம்?" என்றார் பரமசிவம். யாரோ ஒரு பெண் தூ என்றாள். கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. வைஷ்ணவி குழந்தையின் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

போனில் ஒரு சின்ன மணியோசை கேட்டது. 'குட்டி காட்டன்' என்ற எழுத்துக்கள் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறின. பெலிக்ஸ் விசிலடித்தான். இதற்காகத்தான் ஹெலன் காலையிலிருந்து செத்துப் பிழைத்தாள், ஆனால் சந்தோஷம் வர மறுத்தது. கோபமும் முழுதாகப் போகவில்லை. அவள் போனைப் பையில் போட்டாள். முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கூட்டத்துக்கும் வைஷ்ணவிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.